மரம் வெட்டியோரும் மரம் உடையோரும்

நம் சங்க அங்கத்தினர்களுள் தறி நெய்வோர் உளர். நிலம் உழுவோர் உளர். காட்டில் மரம் வெட்டுவோர் எவரும் இலர். ஆகவே இப்பாடத்தின் தலைப்பைக் கண்டவுடன், "இது நமக்கு எதற்கு?" என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. பாடத்தை இறுதிவரை படித்தபின் அதற்குரிய விடையை அவர்களே கண்டுகொள்வார்கள்.

நாம் எடுத்துக்கொள்வது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன், ஆரெகன் என்னும் இரு மாநிலங்களின் மரத்தொழில் வரலாறு. அங்கே தொழிலாளர் முதலில் நாதியற்ற கூலியாட்களாக இருந்தனர். பின்னர் ஒன்றுசேர்ந்து தம் உரிமைகளைப் பெற்றனர். அதன்பின் அவர்களுள் ஒரு பகுதியினர் ஆலைக்கே உடைமையாளர் ஆயினர். இறுதியில் அவ்வுடைமையை இழக்கவும் செய்தனர். பெற்றது எவ்வாறு, இழந்தது எவ்வாறு என்னும் இரண்டையும் கூட்டுறவாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

1. காடும் அதன் பழங்குடிகளும்

பசிபிக் மாகடலுக்கும் காஸ்கேட் மலைத்தொடருக்கும் இடைப்பட்ட நிலம் மழை மிகுந்தது. அங்கே டக்ளஸ் ஃபர், சிட்கா ஸ்ப்ரூஸ், செந்தேவதாரு முதலிய ஊசியிலை மரங்கள் அடர்ந்து வளர்ந்தன. டக்ளஸ் ஃபர் மரங்களுள் பல 250 அடி, 300 அடி உயரம் ஓங்கியவை. அடிமரத்தைச் சுற்றிவளைக்க ஐந்தாறு பேர் கைகோத்து நிற்க வேண்டும். ஐந்நூறு ஆண்டு வயதுடைய மரங்கள் அங்கே அரியன அல்ல.

இக்காட்டில் பன்னெடுங்காலமாகப் பல பழங்குடி மக்கள் வாழ்ந்து வந்தனர். செந்தேவதாருவே அவர்களுக்கு வீடு, அதுவே படகு, அதன் பட்டையே கூடையும் ஆடையும். நின்றுகொண்டிருக்கும் மரத்திலிருந்தே, மரம் பட்டுப்போகாதவாறு, பலகையைப் பிளந்தெடுக்கும் வித்தையையும் அவர்கள் அறிந்திருந்தனர். 1854, 1855-ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன் பகுதியில் செய்யப்பட்ட ஒப்பந்தங்களின் மூலம் அவர்களுடைய நிலத்தின் பெரும்பகுதி அமெரிக்க அரசாங்கத்தின் கைக்குச் சென்றது. சிறு ஒதுக்கிடங்களே அவர்களுக்கு எஞ்சின. மரத்தொழில் வரலாற்றின் முதல் கைமாற்றம் இதுவே.

2. தொழில் தோன்றிய விதம்

1849-ஆம் ஆண்டில் தங்கம் தேடி மக்கள் கலிபோர்னியாவுக்குத் திரண்டனர். சான் பிரான்சிஸ்கோ நகரம் பெரும்பாலும் மரத்தாலேயே எழுந்தது. அடிக்கடி தீப்பிடித்து எரிந்தது. எரிந்தபோதெல்லாம் மீண்டும் மரத்தாலேயே கட்டப்பட்டது. அந்நகரத்தின் தேவையை நிறைவு செய்யக் கடல்வழியே மரம் அனுப்பும் ஆலைகள் வடக்கே தோன்றின. 1853-இல் ஹென்றி யெஸ்லர் என்பவர் சியாட்டிலில் நீராவியால் இயங்கும் மர அறுவை ஆலை நிறுவினார். அதே ஆண்டில் போர்ட் கேம்பிள் என்னுமிடத்தில் தொடங்கப்பெற்ற மற்றோர் ஆலை 1995 வரை இயங்கியது.

காட்டிலிருந்து ஆலைக்கு மரத்தைக் கொணர்வதே பெரும்பாடு. நிலத்தின் குறுக்கே கட்டைகளை வரிசையாகப் புதைத்து, அவற்றின்மீது எண்ணெய் தடவி, பல சோடி எருதுகளைப் பூட்டி, வெட்டிய மரங்களைச் சறுக்கி இழுத்தனர். சியாட்டிலில் மரம் இழுத்த அவ்வழியை ஒட்டிய பகுதியில், பிற்காலத்தில் மலிவான விடுதிகளும், வேலை தேடி நிற்கும் கூலியாட்களின் கூட்டமும் பெருகின. மரம் இழுக்கும் பாதைக்கு வழங்கிய பெயரே சற்றுத் திரிந்து, அமெரிக்க நகரங்களில் ஆதரவற்றோர் ஒதுங்கும் பகுதிகளுக்குப் பொதுப்பெயராயிற்று. மரம் சென்ற வழியிலேயே மரம் வெட்டியவனும் வந்து கிடந்தான் என்பதை அச்சொல்லே நமக்கு உரைக்கின்றது.

3. வேலையின் தன்மை

பெருமரங்களின் அடிப்பகுதி பருத்தும் பிசின் மிகுந்தும் இருக்கும். ஆதலால் தொழிலாளர் மரத்தின் பக்கவாட்டில் குழி வெட்டி, அதில் இரும்பு முனையுள்ள பலகையைச் செருகி, தரைக்கு மேலே அப்பலகையில் நின்றே வேலை செய்தனர். முதலில் கோடரியால் மரம் சாய வேண்டிய திசையில் வாய் வெட்டுவர். பின்பு இருவர் எதிரெதிர் நின்று நீண்ட ரம்பத்தை இழுப்பர். மரம் முறியும் ஓசை கேட்டவுடன் பலகையிலிருந்து குதித்து விலக வேண்டும். ஒரு நொடி தாழ்த்தால் உயிர் இல்லை.

1881-இல் கலிபோர்னியாவின் யுரீகா நகரில் ஜான் டோல்பியர் என்பவர் மரம் இழுக்கும் நீராவிப் பொறி ஒன்றை அமைத்தார். எருதுகள் செய்த வேலையை இரும்பு வடமும் கொதிகலனும் ஏற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயர்ந்த ஒரு மரத்தின் நுனியைத் தறித்து, அதன் உச்சியில் கப்பியைக் கட்டி, வெட்டிய மரங்களை வடத்தின்மூலம் தூக்கி இழுக்கும் முறை பரவிற்று. உற்பத்தி பன்மடங்கு பெருகியது. விபத்தும் உடன் பெருகியது. அறுந்த வடம் ஆளை வெட்டும். அசைந்து வரும் மரம் நசுக்கும். மரத்தொழிலில் நேர்ந்த சாவும் ஊனமும் பொறுக்கவொண்ணாத அளவை எட்டிய நிலையில், 1911-இல் வாஷிங்டன் மாநிலம் விபத்து நஷ்ட ஈட்டுச் சட்டம் இயற்றியது. ஆபத்தான தொழில்களின் முதலாளிகள் அரசாங்க நிதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்றும், அடிபட்ட தொழிலாளி வழக்காடாமலே அந்நிதியிலிருந்து உதவி பெறலாம் என்றும் அச்சட்டம் விதித்தது.

4. காடு யாருடையது?

தொழிலாளியின் நிலையை அறிய வேண்டுமாயின், காட்டின் உடைமையை முதலில் அறிய வேண்டும். 1864-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் நார்தர்ன் பசிபிக் இரயில்வேக்குப் பெருநிலப்பரப்பை மானியமாக வழங்கியது. இருப்புப்பாதையின் இருமருங்கிலும் சதுரங்கக் கட்டம்போல் ஒன்றுவிட்டு ஒன்றாக நிலம் இரயில்வேக்குச் சேர்ந்தது. 1900-ஆம் ஆண்டில் பிரடெரிக் வேயர்ஹாசரும் அவருடைய கூட்டாளிகளும் அந்நிலத்தில் 9,00,000 ஏக்கரை ஏக்கர் 6 டாலர் வீதம் ஒரே கிரயத்தில் வாங்கினர்.

சிறு குடியானவனுக்கு உதவ எண்ணி 1878-இல் மற்றொரு சட்டம் செய்யப்பட்டது. அதன்படி ஒருவர் 160 ஏக்கர் வரை மரக்காட்டை ஏக்கர் இரண்டரை டாலர் விலையில் வாங்கலாம். ஆனால் நடந்தது வேறு. தரகர்கள் ஆட்களைக் கூலிக்குப் பிடித்து, அவர்கள் பெயரில் மனுப்போட்டு, கிடைத்த நிலத்தை உடனே தம் கைக்கு மாற்றிக்கொண்டனர். பெயர் குடியானவனுடையது, நிலம் பணம் போட்டவனுடையது. ஆரெகன் மாநிலத்தில் இம்மோசடி வெளிப்பட்டபோது பலர்மீது வழக்கு நடந்தது. 1905-இல் அம்மாநிலத்தின் செனட் உறுப்பினர் ஜான் மிட்செல் என்பவரே குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. பினாமி என்று நாம் கூறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

5. கூலியாளின் வாழ்வும் போராட்டமும்

வெட்டும் இடத்துக்கு இடம் மாறும் முகாம்களில் தொழிலாளர் தங்கினர். நாளொன்றுக்குப் பத்து மணி நேர வேலை. மழையில் நனைந்த உடையை உலர்த்தவும் தனியிடம் இல்லை. படுக்கையை முதலாளி தரமாட்டார். போர்வைச் சுருளைத் தொழிலாளியே தோளில் சுமந்து முகாம் முகாமாகச் செல்ல வேண்டும். மூட்டைப்பூச்சியும் பேனும் அச்சுருளோடு உடன் செல்லும். வேலை பெற நகரத்துத் தரகனுக்குப் பணம் கட்ட வேண்டும். தரகனும் மேஸ்திரியும் கூட்டுச் சேர்ந்து, அடிக்கடி ஆட்களை நீக்கிப் புதியவரைச் சேர்த்து, அத்தரகுப் பணத்தைப் பங்கிட்டதும் உண்டு. ஒரு முகாமுக்கு மூன்று கூட்டம் ஆட்கள், வேலை செய்வது ஒன்று, வந்துகொண்டிருப்பது ஒன்று, விலக்கப்பட்டுப் போய்க்கொண்டிருப்பது ஒன்று எனத் தொழிலாளரே நகைத்துக் கூறுவர்.

செந்தேவதாருவைச் சீவிக் கூரை வேயும் சிறு பலகைகள் செய்யும் ஆலைகளும் அங்கே பல இருந்தன. அப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று மாற்றி மாற்றி விரைவாக அடுக்கிக் கட்டும் கைவேகத்தைக் கண்டு, அத்தொழிலாளர்க்கு 'நெசவாளர்' என்றே பெயர் வழங்கிற்று. சுழலும் ரம்பத்தின் அருகே கை வைத்துப் பிழைத்த அந்நெசவாளருள் விரல் இழந்தோர் மிகப் பலர். 1916-இல் எவரெட் நகரில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1905-இல் சிகாகோவில் தோன்றிய 'உலகத் தொழில் தொழிலாளர்' என்னும் சங்கத்தார் அவர்கள் பக்கம் நின்று பேச முற்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 5-ஆம் நாள் அச்சங்கத்தார் படகில் வந்து துறையில் இறங்க முயன்றபோது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. சங்கத்தாருள் குறைந்தது ஐவரும், எதிர்த்து நின்ற காவல் படையினருள் இருவரும் மாண்டனர்.

1917 கோடையில் காடு முழுவதும் வேலைநிறுத்தம் பரவிற்று. எட்டு மணி நேர வேலை, தூய படுக்கை, குளிக்க வசதி, நல்ல உணவு என்பனவே முக்கியக் கோரிக்கைகள். கையிருப்புத் தீர்ந்தபோது தொழிலாளர் ஓர் உபாயம் கண்டனர். வேலைக்குத் திரும்பினர், எட்டு மணி நேரம் ஆனவுடன் கருவியைக் கீழே வைத்துவிட்டு முகாமுக்கு நடந்தனர். அக்காலம் முதல் உலகப் போர்க் காலம். விமானம் கட்ட ஸ்ப்ரூஸ் மரம் அவசரமாகத் தேவைப்பட்டது. அரசாங்கம் ஏறக்குறைய 30,000 படைவீரரை மரத்தொழிலில் இறக்கியது. முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்த ஓர் அமைப்பை இராணுவத்தின் மேற்பார்வையில் தோற்றுவித்தது. போராடிய சங்கத்தை ஒடுக்கியது. எனினும் 1918 மார்ச் 1 முதல் எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது; முகாம்களில் படுக்கையும் வந்தது. அவ்வாண்டு மே முதல் நாளில் தொழிலாளர் தம் போர்வைச் சுருள்களைத் தீயிட்டுக் கொளுத்தினர். தோளில் சுமந்த இழிவைச் சாம்பலாக்கிய நாள் அது.

1935-இல் கூட்டுப் பேர உரிமையை ஏற்கும் சட்டம் நாடெங்கும் வந்தது. அவ்வாண்டில் மற்றுமொரு பெரிய வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. 1937-இல் மரத்தொழிலாளர்க்கெனத் தனிப் பெருஞ்சங்கம் அமைந்தது. கூலியும் பாதுகாப்பும் படிப்படியாக உயர்ந்தன.

6. கூலியாள் உடைமையாளன் ஆனது

கூலி உயர்ந்ததே தவிர, ஆலை யாருடையது என்னும் வினா அப்படியே நின்றது. அதற்கு விடைகாண முற்பட்டவர்கள் ஒட்டுப்பலகைத் தொழிலாளர்கள். மரத்தை மெல்லிய தகடாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஒட்டி, அழுத்திச் செய்வது ஒட்டுப்பலகை. 1905-இல் போர்ட்லந்து நகரில் நடந்த பொருட்காட்சியில் டக்ளஸ் ஃபர் ஒட்டுப்பலகை முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது.

1921-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா நகரில் மரம் வெட்டுவோர், தச்சர், பொறி வினைஞர் ஆகிய 125 பேர் ஆளுக்கு 1,000 டாலர் சேர்த்து, தமக்கென ஓர் ஒட்டுப்பலகை ஆலை கட்டினர். அக்காலத்தில் ஒரு கூலியாளுக்கு அது பெருந்தொகை. ஆலையைக் கட்டியவர்களும் அவர்களே. பின்பு அதில் வேலை செய்தவர்களும் அவர்களே. அம்முயற்சி வெற்றி பெற்றதைக் கண்டு பிறரும் துணிந்தனர். 1950-களில் இவ்விரு மாநிலங்களிலும் அண்டைப் பகுதியிலும் இத்தகைய தொழிலாளர் கூட்டுறவு ஆலைகள் இருபதுக்கு மேல் இயங்கின.

இவ்வாலைகளின் அமைப்பை நம் அங்கத்தினர் கவனித்தல் வேண்டும். ஒருவருக்கு ஒரு வாக்கு. நிர்வாகக் குழுவை அங்கத்தினரே தேர்ந்தெடுப்பர். அங்கத்தினரின் மணிக்கூலி பொதுவாக ஒன்றே. துடைப்பவனும் இயந்திரம் ஓட்டுபவனும் சமம். மேலாளரை மட்டும் வெளியிலிருந்து சம்பளத்துக்கு அமர்த்துவதுண்டு. தம் பொருள் என்னும் எண்ணம் இருந்தமையால் மேற்பார்வையாளர் மிகச் சிலரே போதுமானவர்களாக இருந்தனர். சந்தை வீழ்ந்த காலத்தில் தனியார் ஆலைகள் ஆட்களை நீக்கின. கூட்டுறவு ஆலைகளோ ஆளை நீக்காமல் எல்லோருடைய கூலியையும் சற்றுக் குறைத்துக்கொண்டு காலம் கடத்தின. நட்டத்தைச் சமமாகப் பகிர்ந்துகொண்டமையே அவற்றின் வலிமை.

7. உடைமை கைவிட்டுப் போனது

இத்துணைச் சிறப்புடைய ஆலைகள் இன்று ஏறக்குறைய இல்லாமற் போயின. காரணங்களுள் சில வெளியிலிருந்து வந்தவை. தெற்கு மாநிலங்களில் 1960-களில் விலை மலிந்த ஒட்டுப்பலகை செய்யத் தொடங்கினர். 1962 அக்டோபர் 12-இல் வீசிய பெரும்புயலில் எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன. அவற்றை ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கிய வணிகம் பின்னரும் வளர்ந்து, அறுக்காத மரமே கப்பல் ஏறியது. இயந்திரங்கள் பெருகி ஆட்களின் தேவையைக் குறைத்தன. முதிர்ந்த காடும் சுருங்கிற்று. 1990-இல் புள்ளி ஆந்தை என்னும் பறவை அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1994-இல் அரசாங்கக் காடுகளுக்கு வகுக்கப்பட்ட திட்டத்தின்பின் அக்காடுகளில் வெட்டு பெரிதும் குறைந்தது. ஆந்தையால் வேலை போயிற்று என்று பலர் கூறினர். வேலை அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டது என்பதே உண்மை.

வேறொரு காரணம் சங்கங்களின் உள்ளேயே இருந்தது. அவற்றுட் பலவற்றில் அங்கத்தினரின் பங்கு, ஆலை செழிக்கச் செழிக்க விலை ஏறுவதாய் இருந்தது. சந்தையில் விற்கக்கூடியதாகவும் இருந்தது. ஆயிரம் டாலருக்கு வாங்கிய பங்கு காலப்போக்கில் பல்லாயிரம் டாலர் ஆயிற்று. ஓய்வு பெறும் முதியவர் அவ்விலையைக் கேட்டார். வேலைக்கு வரும் இளைஞனால் அதைக் கொடுக்க இயலவில்லை. மேலும், வேலை பெருகியபோது புதியவர்களை அங்கத்தினராக ஏற்றால் இலாபத்தைப் பங்கிட வேண்டும். கூலிக்கு அமர்த்தினால் பங்கிட வேண்டுவதில்லை. இந்தக் கணக்கு சிலரை மயக்கிற்று. முன்னோடியாகிய ஒலிம்பியா ஆலையிலேயே இது நிகழ்ந்தது. அங்கத்தினர் எண்ணிக்கை ஆண்டுதோறும் சுருங்கியது. பங்கில்லாத கூலியாட்கள் அங்கத்தினரைப்போலப் பன்மடங்கு ஆயினர். 1950-களின் நடுவில் எஞ்சிய சில அங்கத்தினர் ஆலையை ஒரு பெருங்கம்பெனிக்கு விற்றனர். விற்றவர்களுக்குப் பெருஞ்செல்வம் கிடைத்தது. ஆலையில் உழைத்துக்கொண்டிருந்த பெரும்பாலோருக்கு முதலாளியின் பெயர் மட்டும் மாறிற்று.

அவ்விற்பனையைத் தீயோர் செயல் என்று கூறுதல் எளிது. ஆனால் அவர்கள் ஒரு காலத்தில் போர்வைச் சுருள் சுமந்த கூலியாட்களே. வாழ்நாள் முழுதும் உழைத்த ஒருவர் முதுமைக்கு நல்ல தொகை தேடியதில் வியப்பில்லை. குறை அவர்கள் உள்ளத்தில் மட்டும் இல்லை, துணைவிதிகளிலும் இருந்தது. நல்லவர்களையும் விற்கத் தூண்டும் விதியே கெட்ட விதி.

8. மரம் நட்டவர்கள்

இவ்வரலாற்றில் மற்றொரு சிறு சங்கத்தையும் குறிப்பிடுதல் தகும். 1970-களின் தொடக்கத்தில் ஆரெகனின் யூஜீன் நகரில், வெட்டிய காட்டில் மீண்டும் கன்று நடும் தொழிலாளர் 'ஹோடாட்ஸ்' என்னும் கூட்டுறவைத் தொடங்கினர். நம் மண்வெட்டிக்கு உறவினைப்போன்ற, நீண்ட குறுகிய தகடுடைய அவர்களுடைய நடவுக் கருவியின் பெயரே அது. ஆண்களும் பெண்களும் சமமாக வேலை செய்தனர். கண்டிராக்டரின் கீழ்க் கூலிக்கு நடாமல், அரசாங்கக் காடுகளின் ஒப்பந்தங்களைச் சங்கத்தின் பெயரிலேயே எடுத்தனர். செங்குத்தான மலைச்சரிவில், குளிரிலும் மழையிலும், முதுகில் கன்றுப் பையுடன் நட்டனர். சில நூறு அங்கத்தினர் வரை வளர்ந்த அச்சங்கம் 1990-களில் கலைந்தது. அவர்கள் நட்ட காடு நிற்கின்றது.

9. நாம் பெறும் பாடம்

முதலாவது: கூலி உரிமை வேறு; உடைமை உரிமை வேறு. எட்டு மணி நேரத்தைப் போராடிப் பெறலாம். ஆலையைப் பங்கு சேர்த்தே பெற வேண்டும்.

இரண்டாவது: கூட்டுறவின் வாயில் உழைப்பவருக்குத் திறந்திருத்தல் வேண்டும். நம் நாட்டுச் சங்கங்களில் பங்கு பொதுவாக முகமதிப்பிலேயே நிற்பதும், ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதும் வெறும் சடங்குகள் அல்ல. ஒலிம்பியாவில் நேர்ந்தது இங்கே நேராதிருக்க இட்ட வேலி. ஆயினும் வேலி மட்டும் போதாது. தறியில் உட்காராத ஒருவர் அங்கத்தினர் புத்தகத்தில் இருந்து, அவர் பெயரில் நெய்பவர் புத்தகத்தில் இல்லாவிடின், ஆரெகன் தரகனின் பினாமி மனுவுக்கும் அதற்கும் வேற்றுமை யாது?

மூன்றாவது: மூலப்பொருள் தீர்ந்தால் சங்கமும் தீரும். மரத்தொழிலாளிக்குக் காடு எதுவோ, அதுவே நெசவாளிக்கு நூல். உழவனுக்கு மண்ணும் நீரும். ஆண்டு இலாபத்தைக் கணக்கிடும்போதே இவற்றின் இருப்பையும் கணக்கிடுதல் வேண்டும்.

அங்கத்தினர்கள் தம் வட்டக் கூட்டத்தில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்:

1. நம் சங்கத்தின் பெயரால் உழைக்கின்றவர்களுள் அங்கத்தினர் அல்லாதார் எத்தனை பேர்? அவர்கள் அங்கத்தினர் ஆவதற்குத் தடையாக நிற்பது யாது?

2. சந்தை மந்தமான மாதங்களில் நட்டத்தை யார் ஏற்கின்றனர்? எல்லோரும் சமமாக ஏற்க வழி உண்டா?

3. ஓய்வு பெறும் மூத்த அங்கத்தினருக்குச் சங்கத்தை விற்காமலே நன்மை செய்வது எவ்வாறு?

மூன்றாம் வினாவுக்கு ஒலிம்பியா ஆலையார் விடை காணவில்லை. நம் சங்கத்தில் முதியோரும் இளைஞரும் ஒரே பாயில் அமர்ந்து, சங்கம் செழிப்பாய் இருக்கும்போதே அவ்விடையைத் தேடுதல் நன்று. நலிந்தபின் தேடினால் விற்பனை ஒன்றே வழியாகத் தோன்றும்.